ஓவன் வேண்டாத சாக்லேட் ஓட்ஸ் குக்கீஸ்: உங்களுக்குத் தெரியுமா?

★ மாவு கிடையாது, முட்டை கிடையாது, ஓவனும் தேவையில்லை. சர்க்கரை, பால், வெண்ணெய், கோகோ நான்கையும் கொதிக்கவிட்டு இறக்கி, பீனட் பட்டரும் ஓட்ஸும் சேர்த்துக் கிளறி, காகிதத்தில் கரண்டி கரண்டியாக எடுத்து வைத்தால் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். அமெரிக்க வீடுகளில் பாட்டி, அம்மா, பேத்தி என்று கைமாறி வரும் தின்பண்டம் இது. சரியாக வருவதும் கெட்டுப்போவதும் அடுப்பில் கழியும் ஒரே ஒரு நிமிடத்தில் தீர்மானமாகிறது. அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு இது தவறுவதில்லை.

★ வழக்கமான அளவு இதுதான்: சர்க்கரை 2 கப் (400 கிராம்), பால் அரை கப் (120 மி.லி.), வெண்ணெய் 113 கிராம், கோகோ பவுடர் கால் கப், பீனட் பட்டர் அரை கப், குயிக் ஓட்ஸ் 3 கப், வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. முப்பது குக்கீஸ் வரை வரும். வெண்ணெயில் அதென்ன 113 கிராம் கணக்கு என்று கேட்கலாம். அமெரிக்கக் கடைகளில் வெண்ணெய் கால் பவுண்டுக் கட்டிகளாக வருகிறது. ஒரு கட்டியின் எடை அதுதான். நம் ஊரில் 100 கிராம் பொட்டலத்தைப் போட்டு, மேலே ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் போதும்.

★ சாதாரண அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையிலோ 480 கிராமுக்கு மேல் தாங்கும். இப்போது நம் அளவைப் பாருங்கள்: 120 மி.லி. பாலில் 400 கிராம் சர்க்கரை. சூட்டில் அத்தனையும் கரைந்துவிடும். கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிப் பாகு இன்னும் அடர்த்தியாகும். இறக்கி ஆறவிட்டதும் தாங்க முடியாத சர்க்கரை நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, ஓட்ஸைச் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். குக்கீ இறுகுவது இப்படித்தான். வெண்ணெய் உறைந்து இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெண்ணெய்க்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் முதுகெலும்பு சர்க்கரைதான்.

★ ஆகவே அந்த ஒரு நிமிடத்தை எப்போது எண்ணத் தொடங்குவது என்பதுதான் கேள்வி. பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி வந்தவுடன் எண்ணக் கூடாது. மேற்பரப்பு முழுவதும் குமிழி பொங்கி, கரண்டியால் கிளறினாலும் கொதி அடங்காத நிலை வரவேண்டும். அங்கிருந்து 60 முதல் 90 நொடி. முன்கூட்டியே இறக்கினால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் களி மாதிரிதான் கிடக்கும். இரண்டு, மூன்று நிமிடம் விட்டால் ஓட்ஸ் போட்ட கையோடு வறண்டு, எடுத்து வைக்கும்போதே உதிரும். கைபேசியில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். கண்மதிப்பு இந்த ஒரு இடத்தில் உதவாது.

★ சமையல் வெப்பமானி இருந்தால் 110 டிகிரி செல்சியஸை ஒட்டி இறக்கலாம். மிட்டாய் செய்பவர்கள் சொல்லும் உருட்டுப் பதம் 112 டிகிரியில் தொடங்குகிறது. இது அதற்குச் சற்று முந்திய நிலை. அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்களுக்கு வெப்பமானியே வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்து ஓடினால் இன்னும் கொதிக்கட்டும். கரையாமல் இளகிய திரளாக அடியில் தங்கினால் உடனே இறக்குங்கள்.

★ கொதி வருவதற்கு முன்பே சர்க்கரை முழுதாகக் கரைந்துவிட வேண்டும். கரையாத ஒரு பரல் இருந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு பெரிய படிகங்கள் வளரும், குக்கீ நறநறக்கும். முதல் சில நிமிடம் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். கோகோவை நேரடியாகப் பாலில் கொட்டாமல் முதலில் சர்க்கரையோடு கலந்துவிட்டால் கட்டி தட்டாது.

★ ஊட்டியில் இருப்பவர்கள் கவனிக்க: கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சர்க்கரைப் பாகின் பதங்களும் அதே அளவு கீழிறங்கும். அங்கே வெப்பமானியில் 110 வரட்டும் என்று காத்திருந்தால் பாகு முற்றிவிடும். 103-ஐ ஒட்டி இறக்குவது சரி. அமெரிக்காவின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ளவர்களும் இப்படித்தான் கழித்துக்கொள்கிறார்கள்.

★ மழை நாளில் மிட்டாய் கிளறாதே என்பது அமெரிக்கச் சமையலறைகளின் பழைய எச்சரிக்கை. காரணம் இருக்கிறது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்தால் கொதியை 15 முதல் 30 நொடி நீட்டுங்கள். இறுகியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். தட்டில் திறந்து வைத்தால் மாலைக்குள் கையில் ஒட்டும்.

★ “வேகவைக்காத ஓட்ஸைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?” இந்தச் சந்தேகம் நியாயமானது. பதிலும் நிம்மதியானது: கடையில் வாங்கும் ஓட்ஸ் பச்சைத் தானியம் அல்ல. ஓட்ஸில் கோதுமையைவிடக் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்றும் தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. உமி நீக்கி நசுக்கியவுடன் இரண்டும் சேர்ந்தால் சில நாளிலேயே கசப்பும் காறல் வாடையும் ஏறிவிடும். அதனால் ஆலையிலேயே நீராவியில் வேகவைத்து, சூளையில் உலர்த்தி, நொதியைச் செயலிழக்கச் செய்கிறார்கள். அதன்பிறகே உருளைகளுக்கிடையே கொடுத்துத் தட்டையாக்குகிறார்கள். நாம் கொதிக்கும் பாகை அதன்மேல் ஊற்றும்போது அது இரண்டாவது முறை சூடு காண்கிறது.

கோதுமை மாவின் கதை வேறு. பெரும்பாலான மாவு சூடேற்றப்படாமல் அரைத்தபடியே பொட்டலமாகிறது. 2016-இல் அமெரிக்காவில் மாவு வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் 60-க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். பிசைந்த மாவைப் பச்சையாகத் தின்னாதீர்கள் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் தொடர்ந்து எச்சரிக்கிறது. சுடாத குக்கீ செய்யும்போது ஓட்ஸ் போதவில்லை என்று கோதுமை மாவையோ மைதாவையோ அள்ளிப் போடாதீர்கள்.

★ எல்லா ஓட்ஸும் இதற்கு ஒத்துவராது. சிறு துண்டுகளாக வெட்டி மெல்லியதாகத் தட்டிய குயிக் ஓட்ஸ்தான் பாகை வேகமாக உறிஞ்சும். முழு இலையாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ் போட்டால் மெல்ல வேண்டியிருக்கும். மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் சரியாகிவிடும். உடனடி ஓட்ஸ் குழைந்துபோகும். ஸ்டீல் கட் ஓட்ஸ் வேண்டவே வேண்டாம். கல்லாகப் பல்லில் இடறும். மசாலா ஓட்ஸ் பொட்டலத்தை அவசரத்தில் மாற்றிப் பிரித்துவிடாதீர்கள்.

★ இந்த குக்கீக்கு ஊருக்கொரு பெயர். அமெரிக்காவின் தெற்கத்தி மலைப் பகுதிகளில் ‘பிரீச்சர் குக்கீஸ்’ என்பார்கள். தூரத்துச் சாலையில் பாதிரியார் வருவது ஜன்னல் வழியே தெரிந்தால், அவர் வாசலுக்கு வருவதற்குள் செய்துவிடலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வேறு சில பகுதிகளில் ‘பாய்ல்டு குக்கீஸ்’. மேற்குப் பண்ணை மாநிலங்களில் இதன் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துச் சிறுவர்கள் வைத்த பெயர் ‘கௌ பைஸ்’, அதாவது சாணி வறட்டி. பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் இதைத் தின்ற நினைவு நடுவயதைக் கடந்த அமெரிக்கர்கள் பலருக்கு உண்டு.

★ எளிய பண்டம்தான், ஆனால் எல்லாக் காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942 மே மாதம் அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது: ஆளுக்கு வாரம் அரை பவுண்டு, அதாவது சுமார் 227 கிராம். ஒரு தடவை குக்கீ செய்ய 400 கிராம் வேண்டும். ஒருவருடைய ஏறக்குறைய இரண்டு வாரப் பங்கு ஒரே பாத்திரத்தில் போய்விடும். அடுத்த ஆண்டு வெண்ணெயும் ரேஷனுக்குள் வந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடு முழுதாக நீங்க 1947 ஜூன் வரை ஆனது.

★ கோகோ பவுடர் இல்லாமல் இந்த குக்கீயே இல்லை. அதற்கு நெதர்லாந்தின் காஸ்பரஸ் வான் ஹவுட்டனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கோகோ பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அதை அழுத்திப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்கு அவர் 1828-இல் காப்புரிமை பெற்றார். பிழிந்த பிறகு மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் கோகோ பவுடர். அவருடைய மகன் கூன்ராட் அந்தப் பொடியைக் காரத்தால் பதப்படுத்திப் புளிப்பைக் குறைத்தார், நிறத்தைக் கருமையாக்கினார். இன்று ‘டச்சு கோகோ’ என்று விற்பது அந்த வழியில் வந்ததுதான். கேக்கில் எந்த கோகோ என்பது முக்கியம். சோடா உப்போடு அது வினைபுரிய வேண்டும். நம் குக்கீயில் சோடாவே இல்லை, எதை வேண்டுமானாலும் போடலாம். கடையில் பார்த்து எடுக்க வேண்டியது ஒன்றுதான்: டிரிங்கிங் சாக்லேட் பவுடர் வேறு, கோகோ பவுடர் வேறு. முதலாவதில் பெரும்பகுதி சர்க்கரை. அதைப் போட்டால் தித்திப்பு திகட்டும், நிறமும் ஏறாது.

★ உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. நம்மிடமும் உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிற்கிறது. பறித்த காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதைகள். அவற்றில் சாக்லேட் வாசம் துளியும் இருக்காது. ஐந்தாறு நாள் குவித்துப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்த பிறகே அந்த மணம் பிறக்கிறது.

★ பீனட் பட்டரைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்று பொது அறிவுப் புத்தகங்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. தவறு. கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த மார்செல்லஸ் கில்மோர் எட்சன் 1884-இலேயே வறுத்த நிலக்கடலையை அரைத்து விழுதாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கார்வரின் பெருமை வேறு வகையானது. பருத்தி விதைத்து விதைத்துச் சத்திழந்த தெற்கு நிலங்களில் நிலக்கடலை போடச் சொல்லி, ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்காக உழைத்தவர் அவர். 1916-இல் நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகளைச் சொல்லும் சிறு கையேட்டை வெளியிட்டார். அந்த மனிதருக்குப் பொய்ப் புகழ் தேவையே இல்லை.

★ அமெரிக்கச் சட்டப்படி ‘பீனட் பட்டர்’ என்று எழுதி விற்கும் பாட்டிலில் குறைந்தது 90 சதவீதம் நிலக்கடலை இருக்க வேண்டும். வீட்டில் செய்தால் நூறு சதவீதம். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் பொடி, பிறகு உருண்டை, கடைசியில் எண்ணெய் விட்டு வழவழப்பான விழுது. பொறுமைதான் வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் ஊற்ற வேண்டாம். இதைப் போட்ட குக்கீ சற்று மென்மையாக இறுகும். ருசி கடைச் சரக்கைவிட ஒரு படி மேல்.

★ வெனிலாவை ஏன் கடைசியில் சேர்க்கச் சொல்கிறார்கள்? அதன் மணப்பொருள்கள் சூட்டில் ஆவியாகிவிடும். கொதிக்கும்போது ஊற்றினால் வீடு மணக்கும், குக்கீ மணக்காது. இந்த மணத்துக்குப் பின்னால் ஒரு சிறுவன் இருக்கிறான். மெக்ஸிகோவிலிருந்து கொண்டுபோன வெனிலாக் கொடி வேறு நாடுகளில் பூத்தது, காய்க்கவில்லை; மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் 1841-இல் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் நொடியில் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டான். தோட்ட முதலாளிகள் செழித்தார்கள். அவர் 1880-இல் வறுமையில் இறந்தார். இன்றும் உலகெங்கும் வெனிலாப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் அவர் காட்டிய கைமுறையில்தான்.

★ அடுப்பே பற்றவைக்காமல் செய்யும் உறவுக்காரப் பண்டம் ஸ்வீடனில் இருக்கிறது. பெயர் ‘சொக்லாட்போல்’. ஓட்ஸ், வெண்ணெய், சர்க்கரை, கோகோ, வெனிலா, ஒரு கரண்டி ஆறிய காபி டிகாக்ஷன் ஆகியவற்றைக் கையால் பிசைந்து உருட்டி, தேங்காய்த் துருவலிலோ கற்கண்டு போன்ற சர்க்கரைப் பரலிலோ புரட்டுவார்கள். குழந்தைகள் முதன்முதலில் தாங்களாகச் செய்யக் கற்கும் இனிப்பு அங்கே பல வீடுகளில் இதுதான். மே 11 அவர்களுக்குச் சொக்லாட்போல் தினம். இதை உருட்டி நிறுத்துவது வெண்ணெய் மட்டுமே என்பதால் நம் வெயிலில் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராது.

★ ஆஸ்திரேலியப் பிறந்தநாள் விருந்துகளில் ‘சாக்லேட் கிராக்கிள்ஸ்’. அரிசிப் பொரி, கோகோ, சர்க்கரைத் தூள், தேங்காய்த் துருவல் எல்லாவற்றையும் உருக்கிய தேங்காய்க் கொழுப்பில் கலந்து உறையவைப்பார்கள். ‘ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி’ இதழில் 1937 டிசம்பரில் வந்த செய்முறை இது. அங்கே பயன்படுத்துவது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தேங்காய்க் கொழுப்பு. 36 டிகிரி வரை உருகாது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். தேங்காய் எண்ணெய் ஊற்றி உறையவைக்கும் ‘ஹெல்த்தி’ குக்கீ செய்முறைகள் மதுரையில் சித்திரை மாதத்தில் கலைந்துபோவது இதனால்தான். கோகோ வெண்ணெயும் 34 டிகிரியில் இளகும். கொதித்த பாகில் இறுகும் அமெரிக்க குக்கீ மட்டும் வெயிலில் நிமிர்ந்து நிற்கிறது. ஓவன் இல்லாத, வெயில் குறையாத நம் வீடுகளுக்கு அதுவே பொருத்தம்.

★ வெல்லம் போட்டுச் செய்யலாமா? செய்யலாம், ஆனால் இறுக்கம் எதிர்பார்க்காதீர்கள். வெல்லத்தில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் கலந்திருக்கும். அவை சர்க்கரை படிகமாவதைத் தடுக்கும். தேனும் அப்படியே. பாதிக்குப் பாதி போட்டால் மெத்தென்று, நல்ல மணத்தோடு வரும். முழுவதும் வெல்லமென்றால் உருண்டை பிடித்துக்கொள்ளுங்கள்.

★ கெட்டுப்போனதையும் காப்பாற்றலாம். உதிர்ந்தால் இரண்டு கரண்டி சூடான பால் விட்டு வேகமாகக் கிளறி, ஆறுவதற்குள் எடுத்து வையுங்கள். இறுகவில்லையென்றால் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். அப்போதும் பிடிக்கவில்லையா, ஐஸ்கிரீம் மேல் ஊற்றுங்கள். குழந்தைகள் இதையே கேட்டு வாங்கித் தின்பார்கள். பட்டர் பேப்பர் இல்லாத வீட்டில் நெய் தடவிய தட்டு போதும்.

★ ஓட்ஸ் இருப்பதால் இது சத்தான சிற்றுண்டி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஓட்ஸின் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது உண்மை. நாளுக்கு 3 கிராம் வேண்டும் என்ற கணக்கில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட அனுமதித்தது. ஆனால் ஒரு குக்கீயில் அரை கிராம்கூடத் தேறாது. சர்க்கரையோ ஒவ்வொன்றிலும் 13 கிராம், மூன்று தேக்கரண்டி. இதற்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு நாளுக்கு ஏறக்குறைய 25 கிராம்தான். இரண்டு தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. சர்க்கரையை ஒன்றரைக் கப்வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் இறுகாது. இது இனிப்பு. பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் உரியது, காலை உணவுக்கு அல்ல.

★ நாய்க்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். கோகோவிலுள்ள தியோபுரோமின் நாயின் உடலில் மெதுவாகத்தான் வெளியேறும். அது அதற்கு நஞ்சு. சாதாரண மில்க் சாக்லேட்டைவிடக் கோகோ பவுடரில் அது பல மடங்கு.

★ டப்பாவில் அடைத்தால் வெளியில் ஒரு வாரம், ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். பள்ளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்தனுப்பும்போது ஒன்று மறக்காதீர்கள்: பார்த்தால் வெறும் சாக்லேட்தான் தெரியும், உள்ளே நிலக்கடலை இருப்பது தெரியாது. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒரு கடியே ஆபத்தாகலாம். டப்பாவின் மேல் ‘நிலக்கடலை சேர்த்தது’ என்று எழுதி ஒட்டி அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.